கணக்கில் வராத தண்ணீர்

வீட்டில் நான் முதன்முதலில் செய்த காக்டெயில் பீன்யா கொலாடா. படத்தில் பார்க்க எளிதாகத்தான் இருந்தது. வெள்ளை ரம், அன்னாசிச் சாறு, தேங்காய், ஐஸ், மிக்சியில் ஒரு சுற்று. உயரமான கண்ணாடிக் குவளை, விளிம்பில் செருகிய அன்னாசித் துண்டு, காகிதக் குடை என்று அலங்காரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. தங்கை ஒரு வாய் குடித்தாள். குவளையைக் கீழே வைத்தாள். "அண்ணா, இது குடிக்கிறதா, ஸ்பூன் போட்டுச் சாப்பிடுறதா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஃப்ரிட்ஜில் இருந்த தேங்காய்ப்பாலை அப்படியே ஊற்றியிருந்தேன். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கிவிடும். அதன் மேல் ஐஸையும் போட்டு அடித்தால் என்ன ஆகும்? அரிசி அளவில் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. இனிப்பு என்று பெயருக்குக்கூட இல்லை. அடியில் அன்னாசித் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது.

பிழை எங்கே என்று தேடியபோதுதான் ஒரு சின்ன விஷயம் தெரிந்தது. செய்முறையில் சொல்வது தேங்காய்ப்பால் அல்ல, 'க்ரீம் ஆஃப் கோக்கனட்'. பெயர் ஏமாற்றும். அது சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கிய தேங்காய்ப் பாகு. கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவில் ரமோன் லோபெஸ் இரிசாரி என்பவர் அதை உருவாக்கி டப்பாவில் விற்கத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பானமே பரவியது. சான் ஹுவான் நகரத்தில் கரீபே ஹில்டன் ஓட்டல் 1954ல் தங்கள் மதுக்கூடத்தில் பிறந்தது என்று உரிமை கொண்டாடுகிறது. வேறு சிலரும் கொண்டாடுகிறார்கள். 1978ல் புவெர்ட்டோ ரிக்கோ இதைத் தன் அதிகாரப்பூர்வப் பானமாகவே அறிவித்துவிட்டது. நான் கெடுத்தது சாதாரணப் பானத்தை அல்ல.

அந்தப் பாகை இப்போது வீட்டிலேயே செய்துகொள்கிறேன். 400 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 350 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. குறைந்த தீயில் சர்க்கரை கரையும்வரை சூடாக்கினால் போதும், கொதிக்கவிடக் கூடாது. ஆறியதும் மிக்சியில் ஒரு சுற்று சுற்றினால் கொழுப்பும் நீரும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். கெட்டியாகிவிட்டால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்க வைத்துக் குலுக்க வேண்டும். அளவு: ரம் 60 மில்லி, அன்னாசிச் சாறு 90, தேங்காய்ப் பாகு 45. இதோடு எலுமிச்சைச் சாறு 15 மில்லி சேர்ப்பேன். மூல செய்முறையில் அது கிடையாது. ஆனால் அது இல்லாமல் எனக்கு இரண்டாவது வாயிலேயே திகட்டிவிடுகிறது.

இந்த முதல் தோல்வியிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் தவறான பாடம். பொருள் சரியாக இருந்தால் பானம் சரியாக வரும் என்று முடிவுகட்டி, பொருள்களாக வாங்கிக் குவித்தேன். நீல நிறக் குராசோ என்ற ஆரஞ்சுத்தோல் மது, முலாம்பழ மது, மூன்று விதப் பழப் பாகு. அலமாரி நிறைந்தது. பானம் மட்டும் ஒரு நாள் சர்க்கரைத் தண்ணீராக, மறுநாள் தொண்டையைப் பிடிக்கும் புளிப்பாக, அதற்கு மறுநாள் வெறும் சாராய நெடியாக வந்துகொண்டிருந்தது. ஒரே செய்முறை, ஒரே பாட்டில்கள்.

கடைசியில் அலமாரியை மூடிவிட்டு, ஒரு மாதம் டைக்கிரி மட்டும் செய்வது என்று முடிவெடுத்தேன். பெயரைக் கேட்டதும் பலருக்கு மிக்சியில் அடித்த சிவப்பு ஸ்ட்ராபெரிக் கூழ் நினைவுக்கு வரும். அசல் டைக்கிரி அது அல்ல. ரம், எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ். அவ்வளவே. கியூபாவில் சாந்தியாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கடற்கரை ஊரின் பெயர் அது. அங்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1898 வாக்கில் செய்தது என்று சொல்வார்கள். மூன்றே பொருள் என்பதால் இதில் எதையும் மறைக்க முடியாது. பிழை எதுவானாலும் நாக்கில் நேராக வந்து நிற்கும்.

என் அளவு: ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 22, சர்க்கரைப் பாகு 22. இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை, எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதேதான். எலுமிச்சை என்று நான் சொல்வதெல்லாம் பச்சைத் தோல் கொண்ட சின்ன வகை. மஞ்சள் நிறப் பெரிய லெமன் வேறு வாசனை.

முதல் வாரமே இரண்டு விஷயம் பிடிபட்டது. ஒன்று, கண் அளவு. சமையலில் கைப்பக்குவம் என்று பெருமைப்படலாம். இங்கே 22 மில்லி எலுமிச்சை 30 ஆனால் பானம் வேறாகிவிடும். நூறு மில்லிப் பானத்தில் எட்டு மில்லி என்பது சின்னப் பிழையா? மில்லி கோடு போட்ட சின்ன அளவுக் குவளை ஒன்று வாங்கினேன். அலமாரியில் இருந்த எல்லா பாட்டிலையும்விட அதுதான் உருப்படியான செலவு. இரண்டு, சர்க்கரைப் பாகு. 'ஒன்றுக்கு ஒன்று' என்பதைக் கோப்பைக் கணக்கில் அளந்துகொண்டிருந்தேன். ஒரு கோப்பை சர்க்கரையும் ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரே எடை அல்ல, சர்க்கரை குறைவு. அது பொடியா பரலா என்பதைப் பொறுத்தும் எடை மாறும். தராசில் 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் தண்ணீர் என்று நிறுத்துச் செய்யத் தொடங்கியதும் பாகு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தது.

ஆனாலும் பானம் இன்னும் மாறிக்கொண்டேதான் இருந்தது. நேற்று இனித்தது இன்று புளித்தது. அளவு அதே, பாகு அதே, பழமும் அதே கூடையில் இருந்தது. அப்போதுதான் கணக்கில் நான் எழுதாத ஒரு பொருள் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று உறைத்தது. தண்ணீர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அளந்து பார்த்தேன். ஷேக்கர் என்ற குலுக்கும் பாத்திரத்துக்குள் ரம், எலுமிச்சை, பாகு சேர்ந்து 104 மில்லி. ஐஸ் நிரப்பிப் பன்னிரண்டு வினாடி பலமாகக் குலுக்கி வடிகட்டினேன். வெளியே வந்தது 150 மில்லிக்கும் கொஞ்சம் மேலே. குவளையில் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஐஸிலிருந்து வந்த தண்ணீர்! எந்தச் செய்முறைப் பட்டியலிலும் அது ஒரு வரியாக எழுதப்பட்டிருக்காது. அடுத்ததாக நான்கே வினாடி குலுக்கினேன். 125 மில்லிதான் வந்தது, புளிப்பும் ரம்மும் ஒன்றாகத் தொண்டையில் குத்தின. அடுத்த குவளைக்கு, மேஜையில் வெகுநேரமாகக் கிடந்து ஓரமெல்லாம் உருகியிருந்த ஐஸைப் போட்டேன். 175 மில்லி, சப்பென்று.

ஐஸ் குளிர வைப்பது அது குளிராக இருப்பதால் என்பதைவிட, உருகுவதால்தான். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்குச் சுற்றியுள்ளதிலிருந்து 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க ஒரு கலோரியை எடுத்தால் போதும் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதனால் உருகாமல் குளிர வைக்க வழியே இல்லை. 'தண்ணி விட்டுப்போச்சு' என்று குறைப்பட்டுக்கொள்வதில் அர்த்தம் இல்லை. தண்ணீர் விடத்தான் வேண்டும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. இது பழைய சங்கதியும்கூட. கரீபியனில் 1740ல் எட்வர்ட் வெர்னன் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி, மாலுமிகளுக்கான ரம்மைத் தண்ணீர் கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பன்ச் என்ற பானத்துக்கு அந்தத் தீவுகளில் வழங்கும் வாய்ப்பாடு இன்னும் வெளிப்படை: புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, சரக்கு மூன்று, தண்ணீர் நான்கு. நான்கு பங்கு! அந்தத் தண்ணீரைத் திறந்த மனதோடு பட்டியலில் எழுதினார்கள். ஷேக்கர் வந்த பிறகு அது ஐஸுக்குள் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஐஸ் விஷயத்தில் கொஞ்சம் பைத்தியமாகவே ஆகிவிட்டேன் என்று சொல்லலாம். குலுக்குவதற்கு ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த பெரிய கட்டிகள், ஷேக்கரில் முக்கால் பாகம் நிறைய. கொஞ்சமாகப் போட்டால் சிக்கனம் என்று நினைப்போம். நடப்பது தலைகீழ். குறைவான ஐஸ் விரைவில் தேய்ந்து, குளிர்ச்சி வருவதற்கு முன்பே தண்ணீர் அதிகமாகிவிடும். இன்னொன்று வாசனை. மூடியில்லாத தட்டில் வைத்த ஐஸ், ஃப்ரீசரில் இருக்கும் மீன் வாடை, வெங்காய வாடை எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். என் ஆரம்ப கால டைக்கிரிகளில் இருந்த அந்த 'ஏதோ ஒன்று' பூண்டு என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மூடி போட்ட தட்டுக்கு மாறினேன்.

எப்போது நிறுத்துவது? இப்போது வினாடி எண்ணுவதில்லை, காது சொல்லிவிடும். தொடங்கும்போது ஐஸ் கடகடவென்று கற்கள் உருள்கிற மாதிரி சத்தம் போடும். போகப்போக ஓரங்கள் மழுங்கி, சில்லுகள் உடைந்து சேர, சத்தம் மணல் சலிக்கிற மாதிரி மெதுவாகும். அதே நேரத்தில் உலோக ஷேக்கரின் வெளிப்புறம் வெள்ளையாகப் பனி பூத்து விரல் ஒட்டத் தொடங்கும். அங்கே நிறுத்த வேண்டும்.

தூள் ஐஸ் வேறு கதை. வெப்ப மண்டலப் பானங்களில் பாதிக்கு மேல் தூள் ஐஸ்தான் கேட்கும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கெட்டியான பருத்தித் துணியில் கட்டிகளைச் சுற்றி உருட்டுக்கட்டையால் நாலு சாத்து சாத்தினால் போதும். துணி உருகிய நீரை உறிஞ்சிவிடுவதால் தூள் உலர்ந்து வரும். நெகிழிப் பையில் வைத்து அடித்தால் அந்த நீர் பைக்குள்ளேயே நின்று, ஊற்றும்போது பானத்தில் சேர்ந்துவிடும். தூள் ஐஸில் ஊற்றுகிற பானத்தை ஷேக்கரில் மூன்று நான்கு வினாடிக்கு மேல் குலுக்க மாட்டேன். மீதித் தண்ணீர் குவளையிலேயே வந்துவிடும். மிக்சியில் அடிக்கும் பானத்துக்கு இன்னொரு கணக்கு. நாக்கு அந்தக் குளிரில் இனிப்பைக் குறைவாகவே உணரும். சாதாரணமாகச் சரியாக இருக்கும் இனிப்பு அங்கே போதாது. பாகை 5 மில்லியாவது கூட்ட வேண்டும்.

எலுமிச்சையைப் பற்றிச் சொல்ல ஒரு தழும்பே இருக்கிறது. ஒரு நண்பர் கூட்டத்துக்காக, நல்ல உச்சி வெயிலில், மொட்டை மாடியில் உட்கார்ந்து ஐம்பது பழம் பிழிந்தேன். கை கழுவினேனா என்றால் துணியில் துடைத்தேன். அன்று எதுவும் தெரியவில்லை. மறுநாள் மாலை புறங்கை சிவந்தது. அடுத்த நாள் சூடான எண்ணெய் தெறித்த மாதிரி கொப்புளம். சாறும் தோல் எண்ணெயும் பட்ட இடத்தில் வெயில் பட்டால் இப்படி ஆகும் என்று மருத்துவர் சொன்னார். எலுமிச்சையில் ஃப்யூரானோகூமரின் என்ற ஒரு வகைப் பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்துவிடும். ஒவ்வாமை அல்ல, யாருக்கும் வரலாம். கொப்புளம் ஆறிய பிறகும் பழுப்புத் திட்டு சில மாதம் இருந்தது. தோட்டத்திலோ கடற்கரையிலோ காக்டெயில் செய்ய நினைப்பவர்கள் பழத்தை வீட்டுக்குள் பிழிந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வெளியே போங்கள். புதினாவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், எலுமிச்சைதான் வில்லன்.

சாற்றை அன்றன்றே பிழிவதுதான் நல்லது. காலையில் பிழிந்தது மாலைக்குப் பரவாயில்லை, மறுநாள் ஒரு மந்தமான கசப்பு வந்துவிடும். பாட்டிலில் வரும் சாற்றை ஒரு முறை முயன்றேன். அந்தக் குவளையைத் தொட்டிச் செடிக்குக்கூட ஊற்றவில்லை, செடி என்ன பாவம் செய்தது?

அன்னாசிக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது, இது எனக்கே ஆச்சரியம். புதுப் பழத்தில் புரொமலெய்ன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிதைக்கும், அதனால்தான் பழம் நிறையச் சாப்பிட்டால் நாக்கு அரிக்கிறது. பால், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பானத்தில் அது வேலையைக் காட்டும். டப்பாவில் வரும் சாறு சூடாக்கப்பட்டது, நொதி செயலிழந்திருக்கும். டப்பாச் சாறு ஒவ்வொரு முறையும் ஒரே இனிப்பாகவும் இருக்கும். பழமோ ஒரு நாள் தேன், ஒரு நாள் காடி. நல்ல பழம் கிடைத்தால் பழம், இல்லாவிட்டால் கூச்சப்படாமல் சர்க்கரை சேர்க்காத டப்பாச் சாறு. எதுவானாலும் கலப்பதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பாகின் அளவை முடிவு செய்வேன். நன்றாகக் குலுக்கினால் அன்னாசிச் சாறு மேலே அழகான நுரை கட்டும். முட்டை இல்லாமல் நுரை வேண்டுமென்றால் இதுதான் வழி.

டைக்கிரி கைக்கு வந்த பிறகு மற்றவை எல்லாம் அதன் உறவினர்களாகத்தான் தெரிந்தன. மாய் டாய் என்பது என்ன? டைக்கிரியில் பாகின் பெரும்பகுதிக்குப் பதிலாகப் பாதாம் பாகும் ஆரஞ்சு குராசோவும். கலிஃபோர்னியாவில் ஓக்லண்டில் உணவகம் நடத்திய விக்டர் பெர்ஜெரான் 1944ல் செய்தது என்பது அவர் சொன்ன கணக்கு. தாஹித்தி மொழியில் 'மாய்தாய்' என்றால் 'நன்று'. அவர் செய்ததில் அன்னாசிச் சாறு ஒரு சொட்டும் கிடையாது என்பதை, அன்னாசி ஊற்றி மாய் டாய் என்று நீட்டுகிறவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிப் பகையைச் சம்பாதித்துக்கொள்கிறேன். ரம் 60, எலுமிச்சை 30, குராசோ 15, பாதாம் பாகு 8, சர்க்கரைப் பாகு 8. தூள் ஐஸ். பிழிந்த எலுமிச்சையின் ஒரு பாதித் தோலைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் புதினாக் கொத்தை நிறுத்தினால் தீவும் தென்னையும் மாதிரி இருக்கும். புதினாவை நசுக்க வேண்டாம், உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வாசனை வந்துவிடும். நசுக்கினால் வருவது இலைக் கசப்பு.

பாதாம் பாகுக்கு ஓர்ஜா என்று பெயர். ஒரு காலத்தில் பார்லியில் செய்தார்கள், பிரெஞ்சில் அதன் பெயரான ஓர்ஜிலிருந்து வந்தது. 200 கிராம் தோல் நீக்கிய பாதாமை 400 மில்லி வெந்நீரில் ஊற வைத்து அரைத்து, துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்து, வருகிற பாலுக்குச் சம எடை சர்க்கரை கரைத்தால் ஆயிற்று. ஆறிய பிறகு ஆரஞ்சுப் பூ நீர் சில துளி, கெடாமலிருக்க ரம் ஒரு மூடி. பாட்டிலில் பிரிந்து நிற்கும், குலுக்கி ஊற்ற வேண்டும். வாசனைக்காகக் கசப்புப் பாதாமைத் தேடிப் போக வேண்டாம், அதில் சயனைடு உருவாகும். இரண்டு சொட்டு பாதாம் எசென்ஸ் போதும். விருந்தினர்களிடம் பருப்பு ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மாய் டாயைப் பார்த்து அதில் பாதாம் இருப்பதை யாராலும் ஊகிக்க முடியாது.

ரம்மைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், எழுத மாட்டேன். இரண்டு பாட்டில் போதும். ஒன்று கியூபா, புவெர்ட்டோ ரிக்கோ பாணியில் லேசான வெள்ளை ரம். இன்னொன்று ஜமைக்காவின் கனமான ரம். அங்கே நாள்கணக்கில் புளிக்க வைத்துச் செப்புப் பானையில் வடிப்பதால், அழுகும் நிலைக்குப் போன வாழைப்பழ வாசனை ஒன்று வரும். தனியாக முகர்ந்தால் முகம் சுளிக்கும், கலந்தால் அதுதான் உயிர். பழைய ஆட்கள் ஒரே குவளையில் இரண்டு மூன்று ரம்மைக் கலந்ததும் இதற்காகத்தான்.

அந்தப் பழைய ஆட்களில் முதலாமவர் டான் பீச். 1930களில் ஹாலிவுட்டில் மூங்கிலும் வலையுமாகக் கடை போட்டு இந்த வகைப் பானங்களுக்கே ஒரு தனி உலகத்தை உண்டாக்கியவர். செய்முறை வெளியே போய்விடக் கூடாது என்று கலவைகளுக்கு எண்ணும் சங்கேதப் பெயரும் கொடுத்து வைத்திருந்தார். கலக்குகிற ஊழியருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளர் பல ஆண்டு அலைந்து விடுவித்ததில், 'டான்ஸ் மிக்ஸ்' என்பது இரண்டு பங்கு கிரேப்ஃப்ரூட் சாறும் ஒரு பங்கு பட்டைப் பாகும்தான் என்று தெரிந்தது. பட்டைப் பாகு ஐந்து நிமிட வேலை: சர்க்கரைப் பாகில் மூன்று பட்டைத் துண்டைக் கொதிக்கவிட்டு இரவு முழுவதும் ஊற வைப்பது. கிரேப்ஃப்ரூட்டோடு அதைச் சேர்த்த முதல் நாள் வீடு முழுக்க மணத்தது. ஒரு எச்சரிக்கை: சில மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கு கிரேப்ஃப்ரூட் ஆகாது.

டான் பீச்சின் ஸோம்பி என்ற பானத்தை ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். விளம்பரத் தந்திரம் என்று நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை நான்கு பேருக்குச் செய்தேன். ஒரு குவளையில் மட்டுமே மூன்று விதமாக 120 மில்லி ரம், அதில் ஒன்று 75.5 சதவீத ஆல்கஹால். ஜூஸ் மாதிரி இறங்கியது. தங்கை வீட்டுக்காரர் "மச்சான், இதுல சரக்கு போட்டீங்களா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவதையும் முடித்தார். அரை மணி நேரத்தில் சோபாவிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை, செருப்பு எங்கே என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். காலில்தான் இருந்தது. சிரித்தோம், ஆனால் அவர் வண்டிச் சாவியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன், தங்கையும் அவரும் அன்றிரவு எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். குளிரும் இனிப்பும் புளிப்பும் சேர்ந்தால் நாக்குக்கு ஆல்கஹால் தெரியாது, உடம்புக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு பானத்திலும் எவ்வளவு ரம் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன், நடுநடுவே தண்ணீர்க் குவளையையும் நீட்டுகிறேன்.

குடிக்காத நண்பர் ஒருவர் எப்போதும் வருவார். அவருக்குப் பழச்சாற்றை ஊற்றிக் கொடுத்துக் கடமையை முடித்துக்கொண்டிருந்தேன். ரம்மை எடுத்துவிட்டால் காரமும் கசப்பும் கனமும் சேர்ந்தே போய்விடுகின்றன, வெறும் இனிப்புதான் மிஞ்சும். இப்போது ரம் இருக்க வேண்டிய இடத்தில் கடுமையாக இறக்கி ஆற வைத்த கட்டன் தேநீர், அதில் கொஞ்சம் இஞ்சிச் சாறு. மேலே ஜாதிக்காயைச் சீவிவிட்டால் அவர் குவளையைத்தான் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாற்றைச் சொட்டுவதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்வேன். சில சொட்டுதான் என்றாலும் அங்கோஸ்துரா என்ற பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது.

கூட்டம் வரும்போது எட்டு பேருக்கும் தனித்தனியாகக் குலுக்கினால் தோள் விட்டுப்போகும். தண்ணீரை அளந்து பழகியதன் பலன் இங்கேதான் கிடைத்தது. முந்தின நாள் இரவு ரம் 480, எலுமிச்சை 180, பாகு 200, தண்ணீர் 360 மில்லி எல்லாவற்றையும் கலந்து, கெட்டியான பையில் காற்றில்லாமல் மூடி, ஃப்ரீசரில் படுக்க வைத்துவிடுவேன். ஆல்கஹாலும் சர்க்கரையும் இருப்பதால் கல்லாக உறையாது. காலையில் கையால் பிசைந்தால் மிக்சியே இல்லாமல் பனிக்கூழ் டைக்கிரி. தண்ணீரை விட்டுவிட்டு இதை ஒரு முறை செய்தேன். உறையவே இல்லை, குடித்தால் கண்ணில் நீர் வந்தது.

போன மாதம் தங்கை ஃபோன் செய்தாள். அவள் வீட்டில் விருந்தினர்கள், என் அளவை எழுதி வாங்கிப் போனவள். "அண்ணா, நீ சொன்ன மாதிரியே 60, 22, 22 தான் போட்டேன். ஒரே புளிப்பு. இன்னும் சர்க்கரை போடவா?"

"ஒண்ணும் போடாதே. திரும்ப ஷேக்கர்ல ஊத்து, புது ஐஸ் நிறையப் போடு. ஃபோனைப் பக்கத்துல வெச்சுட்டுக் குலுக்கு."

கடகடவென்று கல் உருண்டது. நான் எதுவும் பேசவில்லை. அவளுக்குக் கை வலித்திருக்க வேண்டும், வேகம் கொஞ்சம் குறைந்தது, பிறகு கூடியது. சத்தம் மெல்ல மணலாக மாறியது.

"போதும், ஊத்து."

வடிகட்டி ஷேக்கரில் இடிக்கும் ஓசை. கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் யாரோ அவளிடம் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்பது காதில் விழுந்தது. ஃபோனை வைக்க மறந்துவிட்டாள்.